வாடகை வீட்டை முறையாக ஒப்படைப்போம்

சிங்கப்பூரின் கிராஞ்சி வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. இன்று அதன் அருகே, மார்சிலிங், உட்லண்ட்ஸ் பகுதிகளில், அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.

லயத்து வீடு வேலையோடு வந்தது. வேலை முடிந்தால் வீடும் போயிற்று. வாடகை அடுக்குமாடி வீடு அவ்வாறன்று. 1960ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், ஒப்பந்தம் எழுதிக்கொண்டே வீட்டை வாடகைக்கு விடுகிறது. எனவே கதவைப் பூட்டிவிட்டு மகன் வீட்டுக்குச் சென்றுவிட்டால் வாடகை நின்றுவிடாது. ஒப்பந்தத்தை முறைப்படி முடிக்கும்வரை அது நம் பெயரில் ஏறிக்கொண்டே இருக்கும்.

வீட்டைக் காலி செய்யும்போது நாம் கவனிக்க வேண்டியவை:

1. ஒப்பந்தத்தில் கண்டுள்ள கால அவகாசத்தின்படி, முன்கூட்டியே கழகத்துக்கு எழுத்து மூலம் அறிவித்தல்.

2. வாடகைப் பாக்கியையும் நகர மன்றக் கட்டணத்தையும் செலுத்துதல். மின்சாரம், தண்ணீர்க் கணக்கை மூடுதல்.

3. பழைய கட்டில், அலமாரிகளைத் தாழ்வாரத்தில் விட்டுச் செல்லாமல் அகற்றுதல். வீட்டைக் கூட்டிக் கழுவுதல். நம்மால் நேர்ந்த சேதத்தைச் சீர்செய்தல்.

4. சாவிகள் அனைத்தையும் அதிகாரியிடம் கொடுத்து, அதற்கான சான்றைப் பெற்றுப் பத்திரப்படுத்துதல். அண்டை வீட்டாரிடம் சாவியைக் கொடுப்பது ஒப்படைப்பு ஆகாது.

5. குடிபெயர்ந்த 28 நாள்களுக்குள் அடையாள அட்டைக்குரிய புதிய முகவரியைப் பதிவு செய்தல்.

பாக்கியும் சேதமும் இருப்பின், அவை நாம் கட்டிய முன்பணத்திலிருந்து கழிக்கப்படும். பாடுபட்டுச் சேர்த்த அப்பணத்தை அசட்டையால் இழக்கலாகாது. மேலும், நாம் ஒப்படைக்கும் வீட்டுக்காக வேறொரு குடும்பம் காத்திருக்கிறது என்பதையும் நினைவில் கொள்வோமாக.