ஊரடங்கிலும் திறந்திருந்த கடை



யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்த நமக்கு ஊரடங்குச் சட்டம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அறிவித்தல் வந்ததும் பலகையைப் போட்டுப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடியவர்கள் நாம். ஊர் முழுக்க ஊரடங்கு இருக்க, ஒரு சாப்பாட்டுக் கடை மட்டும் அனுமதியோடு திறந்திருந்தது என்றால் நம்புவீர்களா? அமெரிக்கத் தலைநகர் வொஷிங்டனில் 1968இல் அப்படி நடந்தது. கடைக்காரர் மஹபூப் பென் அலி, ட்ரினிடாட் தீவில் வளர்ந்த இந்திய வம்சாவளி முஸ்லிம்.

டொக்டராகும் எண்ணத்தோடு அமெரிக்கா சென்றவர் அவர். அங்கே மின்தூக்கிக் குழிக்குள் விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டு நெடுநாள் படுக்கையில் கிடந்தார். பின்பு ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றாலும் டொக்டராகவில்லை. வங்கியில் வேலை செய்த வர்ஜீனியா என்ற பெண்ணை மணமுடிக்க இருந்த வேளையில், இருவருமாக 5,000 டொலர் முதலோடு 1958 ஓகஸ்டில் யூ வீதியில் ஒரு பழைய படமாளிகைக் கட்டடத்தில் கடை திறந்தார்கள். பெயர் பென்ஸ் சில்லி பௌல். மிளகாய் போட்ட இறைச்சிக் குழம்புதான் கடையின் விசேஷம்.

அது கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி. மார்ட்டின் லூதர் கிங்கும் அங்கே வந்து சாப்பிட்டிருக்கிறார். 1968 ஏப்ரல் 4ஆம் திகதி கிங் கொல்லப்பட்டதும் வீதி பற்றி எரிந்தது. கடைக் கண்ணாடியில் 'சோல் பிரதர்' என்று எழுதிவைத்தார்கள். நம்ம ஆளின் கடை என்பது அதன் கருத்து. கறுப்பின இளைஞர் தலைவர் ஸ்டோக்லி கார்மைக்கேல் அதிகாரிகளோடு பேசி, கடை திறந்திருக்க அனுமதி எடுத்துக்கொடுத்தார். போராட்டக்காரர்களும் பொலிஸாரும் தீயணைப்புப் படையினரும் அங்கேதான் பசியாறினார்கள். கண்ணாடியில் எழுதிய இரண்டு சொல் மட்டும் கடையைக் காப்பாற்றியிருக்குமா? என் கணக்கில், அதற்கு முந்திய பத்து வருட வியாபாரம்தான் காப்பாற்றியது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தக் கடையில் பிரபலமான சொசேஜில் பன்றி இறைச்சியும் கலந்திருந்தது. அவர் அதைத் தின்னவில்லை, ஆனால் விற்றார். அந்த விஷயத்தில் அவரை நான் முன்மாதிரியாகக் காட்டமாட்டேன்.

கலவரத்துக்குப் பின் வந்த காலம் அதைவிட மோசம். வசதியுள்ளவர்கள் இடம்பெயர்ந்தார்கள். போதைப்பொருள் வீதிக்கு வந்தது. போதைக்கு அடிமையானவர்கள் இனிப்புத் தேடி வருகிறார்கள் என்பதைக் கவனித்து, கேக் முதலிய இனிப்பு வகைகளை விற்பதையே நிறுத்தினார்கள். ஓடுகிற சரக்கை நாமாகவே நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று கல்லாவில் இருப்பவனுக்குத் தெரியும். 1980களின் கடைசியில் சுரங்க ரயில் பாதைக்காக வீதியைத் தோண்டிப் போட்டபோது, ஒரேயொரு வேலையாளை வைத்துக்கொண்டு கடையை நடத்தினார்கள். அப்போதும் பூட்டவில்லை. 1991இல் ரயில் நிலையம் திறந்தது, சனமும் திரும்பி வந்தது.

2009 ஜனவரி 10ஆம் திகதி, பதவியேற்கப் பத்து நாள் இருக்கையில் ஒபாமா அங்கே சாப்பிட வந்தார். அவருடைய குடும்பத்துக்குக் காசு வேண்டாம் என்று கடையில் எழுதியே வைத்திருந்தார்கள். அவர் காசு கொடுத்துத்தான் சாப்பிட்டார். (நம் கடைகளில் காசு கொடுக்காதவர்களின் பட்டியல் இதைவிட நீளம்!) அதே ஆண்டு ஒக்டோபர் 7ஆம் திகதி, 82ஆவது வயதில் பென் அலி காலமானார். கடை இன்றும் நடக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஐந்து சந்தியில் இருந்த எங்கள் வாப்பாவின் சாப்பாட்டுக் கடைதான் ஞாபகம் வந்தது. 1990 ஒக்டோபரில் எல்லோரையும் போல நாங்களும் கடையை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினோம். கடன் கொப்பியும் அங்கேயே கிடந்தது. 2010இல் நான் திரும்பி வந்து சிறிதாக ஒரு கடை போட்டு இரண்டு கிழமை இருக்கும். நாவாந்துறைப் பக்கத்து ஐயா ஒருவர், வாப்பாவிடம் சாப்பிட்ட பழைய வாடிக்கையாளர், சைக்கிளில் வந்து இறங்கினார். "தம்பி, உங்கட வாப்பாவுக்கு நான் 340 ரூபா குடுக்கவேணும்" என்று காசை மேசையில் வைத்தார். வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. ஒரு பிளேன்ரீ கேட்டார். குடித்துவிட்டு, அதற்கும் காசு வைத்துவிட்டுப் போனார்.