கொதிக்கும் நீரில் பிரிவது எது?

பெங்களூருவின் குடிநீரில் பெரும்பகுதி காவிரி நீராகும். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து குழாய்களில் வரும் அந்நீர், அடுப்பில் வைத்தால் கொதித்து ஆவியாகிறது. அப்போது நீர், ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுகிறதா? பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தால் விடை தெரியும். அதன் உட்புறத்தில் படிந்திருப்பவை நீர்த்துளிகளே. ஆவியும் நீரே. நீரின் அணுக்களைப் பிணைத்திருக்கும் சகப்பிணைப்பு அத்துணை வலிமையுடையது.

ஆக்சிஜன் அணுவின் வெளிக்கூட்டில் 6 எலக்ட்ரான்கள் உள்ளன. அது நிலைபெற 8 வேண்டும். ஹைட்ரஜனிடம் இருப்பது 1. அதற்கு வேண்டியவை 2. எனவே ஓர் ஆக்சிஜன் அணு, இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுடன் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்கிறது. பகிரப்பட்ட எலக்ட்ரான் இணையை இரு அணுக்கருக்களும் ஈர்ப்பதால் அணுக்கள் சேர்ந்து நிற்கின்றன. இதுவே சகப்பிணைப்பு. இணைப் பகிர்வு என்னும் இக்கருத்தை அமெரிக்க வேதியியலறிஞர் கில்பர்ட் லூயிஸ் 1916ஆம் ஆண்டு வெளியிட்டார்.

எல்லாச் சகப்பிணைப்புகளும் ஒரே வலிமை உடையவை அல்ல. பகிரப்படும் இணைகள் மிகுந்தால் வலிமையும் மிகும். இரு கார்பன் அணுக்களுக்கிடையிலான ஒற்றைப் பிணைப்பை முறிக்க, மோல் ஒன்றுக்கு ஏறத்தாழ 347 கிலோஜூல் ஆற்றல் தேவை, இரட்டைப் பிணைப்புக்கு 614, முப்பிணைப்புக்கு 839. அணுவின் அளவும் வலிமையை மாற்றும். சிறிய ஃபுளூரின் அணு ஹைட்ரஜனுடன் நெருங்கிப் பிணைவதால், அப்பிணைப்பை முறிக்க 565 கிலோஜூல் தேவைப்படுகிறது. பெரிய அயோடின் அணுவுடனான பிணைப்புக்கோ 299 கிலோஜூல் போதும்.

நீர் மூலக்கூற்றினுள் உள்ள ஒவ்வொரு பிணைப்பின் வலிமை ஏறத்தாழ 463 கிலோஜூல். ஒரு மூலக்கூற்றை அடுத்த மூலக்கூற்றுடன் இணைப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. அதன் வலிமை ஏறத்தாழ 20 கிலோஜூல் மட்டுமே. அடுப்பின் வெப்பம் இந்த மெல்லிய பிணைப்பையே பிரிக்கிறது.

இந்த ஹைட்ரஜன் பிணைப்புக்குப் புதிய வரையறை வகுத்த பன்னாட்டு வேதியியல் குழுவைத் தலைமையேற்று நடத்தியவர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் அருணன். அவ்வரையறை 2011இல் வெளியானது. ஹைட்ரஜன் பிணைப்பு வெறும் மின்னீர்ப்பு அன்று; அதிலும் சிறிதளவு எலக்ட்ரான் பகிர்வு உண்டு என்பதை அது ஏற்றுக்கொண்டது. ஆகவே, நீரை நீராக வைத்திருப்பதில் பெரும்பங்கு வலிய பகிர்வுக்கு உரியது. அதைக் கொதிக்கவும் ஆவியாகவும் விடுவது மெல்லிய பிணைப்பு.

சொற்பொருள்
வெளிக்கூடு – அணுவின் வெளிப்புற எலக்ட்ரான் அடுக்கு
இணை – இரண்டு சேர்ந்தது
வரையறை – பொருளை உறுதிசெய்து கூறுதல்

வினாக்கள்
1. சகப்பிணைப்பு எவ்வாறு உருவாகிறது?
2. அதன் வலிமையை மாற்றும் இரு காரணங்கள் யாவை?
3. நீர் கொதிக்கும்போது எப்பிணைப்பு பிரிகிறது? எது பிரிவதில்லை? காரணம் கூறுக.