கருகிய மரமெல்லாம் மாண்டவை அல்ல

காட்டுத்தீ தணிந்தபின் எஞ்சுவது சாம்பல் மட்டுமே என்று நாம் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதை ஆஸ்திரேலியக் காடுகளைக் கொண்டு ஆராய்வோம்.

2019-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மூண்டு 2020-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை அந்நாட்டில் பரவிய பெருந்தீக்கு 33 பேர் நேரடியாகப் பலியாயினர். ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் ஹெக்டேர் நிலம் எரிந்தது. மாண்டும் இடம்பெயர்ந்தும் துன்புற்ற விலங்கு, பறவை, ஊர்வன, தவளை ஆகியவை 300 கோடியை நெருங்கும் என மதிப்பிட்டனர். இவற்றுள் பெரும்பகுதி ஊர்வனவே. மண்ணுக்குள் வாழ்ந்த சிற்றுயிர்களும், ஓரறிவுயிர்களாகிய மரஞ்செடிகளும் இக்கணக்கில் இடம்பெறவில்லை என்பது நாம் கருதத்தக்கது.

அக்காடுகளில் மிகுந்திருப்பது யூகலிப்டஸ். நம் ஊர்களில் தைலமரம் எனப்படுவது இவ்வினமே. இவற்றுள் பலவற்றின் தடித்த பட்டைக்கு அடியில் மொட்டுகள் உறங்கிக் கிடக்கின்றன. தீ இலைகளை அழித்ததும் அவை விழித்தெழுகின்றன. சில வாரங்களிலேயே, கரிய அடிமரம் முழுவதும் தளிர் போர்த்து நிற்கும். வேறு சில, மண்ணுக்கடியில் கிழங்குபோல் பருத்துள்ள அடிப்பகுதியினின்று துளிர்க்கின்றன. பாங்சியா இனத்துள் சிலவோ, தம் கட்டைபோன்ற காய்களைத் தீயின் வெப்பத்தில்தான் திறக்கின்றன. ஆதலின், கருமையைக் கண்டவுடன் கோடரி எடுப்பவர் உயிருள்ள மரத்தையே வெட்டுகிறார்.

எனினும் எல்லா மரத்திற்கும் இவ்வாற்றல் இல்லை. தென்கிழக்கு மலைகளில் ஓங்கி வளரும் ஆல்பைன் ஆஷ் கடுந்தீயில் மடிந்துவிடும். உச்சிக் கிளைகளில் சேர்த்துவைத்த விதைகளைச் சாம்பலில் உதிர்த்துவிட்டே மடியும். அவ்விதையில் முளைத்த கன்று போதிய விதை தர ஏறத்தாழ 20 ஆண்டுகள் செல்லும். அதற்குள் மீண்டும் தீ வந்தால் விதைக்கு எங்கே போவது? காடு புதராகிவிடும். அடுத்தடுத்து எரிந்த விக்டோரியா மாநில மலைகளில் ஹெலிகாப்டரிலிருந்து விதை தூவினர். தூவுவதற்கும், எங்கோ எரியாமல் நின்ற மரங்களிலிருந்து விதை திரட்டியாக வேண்டுமன்றோ!

உயிர்தப்பிய விலங்குகளுக்குத் தீக்குப் பின்னரே பெருஞ்சோதனை. உணவில்லை, ஒளிவதற்குப் புல்லுமில்லை, காட்டுப்பூனையும் நரியும் எளிதில் பிடித்துவிடும். நியூ சவுத் வேல்ஸில் பாறை வாலபிகளுக்காக வானிலிருந்து கேரட்டும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போட்டனர். பாராட்டத்தக்க பணிதான், ஆனால் புல் தழைக்கும் வரைக்குமான உதவியே அது.

உண்மையிலேயே பட்டுப்போன மரமும் பயனற்றதன்று. 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் 173 உயிர்களைக் கொண்ட தீக்குப்பின், எரிந்த மரங்களை வணிகத்திற்காக வெட்டி அகற்றினர். அம்மாநிலத்தின் சின்னமாகிய லெட்பீட்டர் போசம் என்னும் சிறுவிலங்கு வாழ்வதோ மரப்பொந்துகளில். தகுந்த பொந்து உருவாக ஒரு நூற்றாண்டுக்கு மேலாகும். பட்ட மரத்திலும் அது பல்லாண்டு நிலைத்திருக்கும். 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து, அரசுக்குரிய இயற்கைக் காடுகளில் வணிகத்திற்காக மரம் வெட்டுவதை அம்மாநிலம் நிறுத்தியுள்ளது.