கார்கிலில் குண்டு போட்டவரா குஞ்சன்?

பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரை காயும் களத்தில் வேலை நடக்கும்போது தலைக்கு மேல் ஒரு தேஜஸ் போர் விமானம் இடிபோல் முழங்கிக்கொண்டு போகும். சூலூர்த் தளத்தில் இருந்து கிளம்பியது. எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். “கார்கில்ல பாம் போட்டதே ஒரு பொம்பளப் புள்ளதானுங்க. சௌர்ய சக்ரா எல்லாங் குடுத்தாங்கல்ல” என்று ஒருவர் ஆரம்பிப்பார். 2020-ல் விமானி குஞ்சன் சக்சேனா பற்றிய இந்திப் படம் வந்ததில் இருந்து இந்தப் பேச்சு கூடிவிட்டது.

குஞ்சன் குண்டு போடவில்லை. 1999 கார்கில் போரில் அவர் ஓட்டியது சீட்டா ஹெலிகாப்டர். ஒற்றை எஞ்சின், ஆயுதம் கிடையாது, வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். காயம்பட்டவர்களைத் தூக்கி வருவது, மலைமேல் இருப்பவர்களுக்குப் பொருள் சேர்ப்பது, எதிரி பதுங்கிய இடத்தைப் பார்த்துச் சொல்வது, இவைதான் வேலை. கீழே விழுந்து எதிரியிடம் சிக்கிக்கொண்டால்? அதற்காக ஒரு இன்சாஸ் துப்பாக்கியும் ஒரு ரிவால்வரும் கூடவே போகும்.

அரசு தரும் வீர விருதான சௌர்ய சக்ராவும் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் ஒரு தனியார் அமைப்பு தந்த ‘சௌர்ய வீர்’ விருதுதான் அது என்று அவரே விளக்கிவிட்டார். பெயர் ஒத்துப்போனது, பத்திரிகைகளும் சறுக்கின.

சரி, வெறும் ஹெலிகாப்டர்தானே என்பார்கள். 1999 மே 28 அன்று தோலோலிங் அருகே ஏவுகணை பட்டு விழுந்தது எம்.ஐ.-17 ஹெலிகாப்டர். உள்ளே இருந்த நால்வரும் இறந்தனர். அதுவாவது ராக்கெட் ஏந்தியது, சீட்டாவில் அதுவும் இல்லை!

படத்தில் குஞ்சன் தனி ஆள். நிஜத்தில், உதம்பூரில் கூடவே பணியாற்றிய ஸ்ரீவித்யா ராஜனும் கார்கிலில் பறந்தார். பாலக்காடு மாவட்டத்துக்காரர், பொள்ளாச்சிக்காரர்களுக்கு மீனாட்சிபுரம் தாண்டினால் அந்த மாவட்டம்தான். கார்கில் பணிக்கு முதலில் அனுப்பப்பட்ட பெண் தான்தான் என்று படம் வந்தபோது அவர் எழுதினார். நம் பக்கத்தில் அதை எத்தனை பேர் கவனித்தோம்?

போர் வானில் பெண்கள் என்பது நேற்று முளைத்த புதுமையும் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-ல், விமானி மரீனா ரஸ்கோவாவின் முயற்சியால் சோவியத்தில் மூன்று பெண் விமானப் படைப்பிரிவுகள் உருவாயின. அவற்றில் 588-வது பிரிவில் மெக்கானிக் உட்பட எல்லோரும் பெண்கள். ஜெர்மானியர் ‘இரவுச் சூனியக்காரிகள்’ என்று பெயர் வைத்தது இவர்களுக்குத்தான். அவர்களிடமும் நவீன விமானம் இல்லை. மரச் சட்டத்தில் துணி போர்த்திய போ-2, சீட்டாவைவிட மெதுவானது. ஆண்களுக்குத் தைத்த பூட்ஸ், 1944 வரை பாராசூட்டும் கிடையாது. அந்த வண்டியில்தான் 23,000 முறைக்கும் மேல் இரவில் போய்க் குண்டு போட்டார்கள்.

இந்தியாவில் பெண்கள் போர் விமானிகளானது 2016 ஜூன் 18-ல்: அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங். இவர்களில் மோகனா 2024-ல் தேஜஸ் ஓட்டும் 18-வது ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். அந்த ஸ்குவாட்ரன் தேஜஸைக் கையில் வாங்கியது 2020 மே மாதம், சூலூரில்.