பூமியின் நாடி பார்க்கும் அறை

எம் இயற்பியல் துறையின் கல்விச் சுற்றுலாவில் ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. 2007 அக்டோபர் முதல் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இங்குதான் இயங்கி வருகிறது. இரவு பகல் எந்நேரமும் ஆள் விழித்திருக்கும் அறை அது. பெரிய திரைகளில் பல நிலையங்களின் கோடுகள் நெளிந்துகொண்டிருந்தன.

நிலநடுக்கமானியின் தத்துவம் நாம் படித்த நிலைமமே. பேருந்து திடீரெனக் கிளம்பினால் நாம் பின்னால் சாய்கிறோம் அல்லவா? அதுபோலத் தரை அசையும்போது கருவிக்குள் தொங்கும் எடை அசையாதிருக்க முயல்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே கோடாகப் பதிவாகிறது.

நடுக்கம் எங்கே நேர்ந்தது என்று அறிவது எப்படி? மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு தொலைவை மதிப்பிடுவது போன்றதே இதுவும். முதன்மை அலை மேலோட்டில் நொடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்திலும், இரண்டாம் அலை சுமார் 3.5 கி.மீ. வேகத்திலும் வருகின்றன. இரண்டும் 10 நொடி இடைவெளியில் வந்தால் நடுக்கம் ஏறத்தாழ 84 கி.மீ. தொலைவில் நேர்ந்திருக்கிறது. மூன்று நிலையங்களைச் சுற்றி இவ்வாறு வட்டம் வரைந்தால், அவை சந்திக்கும் இடமே நடுக்க மையம்.

நான் கடலோரக் குப்பத்தில் பிறந்தவன். 2004 டிசம்பர் 26 அன்று நான் பிறந்திருக்கவில்லை. ஆனால் அந்நாளைப் பேசாமல் எங்கள் வீட்டில் ஒரு மார்கழியும் கழிந்ததில்லை. ஆகவே அங்கிருந்தபடியே ஒரு கணக்குப் போட்டேன். சுமத்ராவில் 9.1 அளவு நடுக்கம் நம் நேரப்படி காலை 6.29 மணியளவில் நேர்ந்தது. நிலத்தின் வழியே அச்செய்தி ஐதராபாத் வரை வரச் சுமார் 5 நிமிடம் போதும். 3,000 மீட்டர் ஆழக் கடலிலோ சுனாமியின் வேகம் மணிக்குச் சுமார் 600 கி.மீ.தான். அது நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் வீணாயிற்று. இந்தியப் பெருங்கடலில் அன்று எச்சரிக்கை அமைப்பே இல்லை.

இன்று கடலடி அழுத்தமானிகளும் கரையோர அலைமானிகளும் அலை எழுந்ததா என்பதைச் சொல்கின்றன. எல்லா நடுக்கமும் அலை எழுப்புவதில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவு நடுக்கம் நேர்ந்தும், தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் சிறு அலைகளே எழுந்தன.

ஊர் திரும்பியதும் அம்மா கேட்டார்: "பூமி எப்ப ஆடும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாடா?" "தெரியாதும்மா. ஆடின பிறகு அலை எப்ப வரும்னு சொல்லுவாங்க," என்றேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அது போதுமே, ஓடியிருப்போமே," என்றார்.

நண்பர்களே! கருவி ஐந்து நிமிடத்தில் அறிந்ததைக் கடைசிக் குடிசைவரை கொண்டு சேர்ப்பது கருவியால் ஆகாது. கரையில் நில அதிர்வை உணர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ எச்சரிக்கைக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை நம் தெருவில் நாம்தான் சொல்ல வேண்டும். படித்தவர்களாகிய நமக்கு அக்கடமை உண்டு.