விற்கப் போகும் வீடும் மறைக்கக் கூடாத ஐபும்



வியாபாரம் என்றதும் கடையும் தராசும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. கடை வைத்திருப்பவர் அன்றாடம் விற்று வாங்குவதால், அளவையில் மோசம் செய்வது பாவம் என்று ஜும்ஆப் பயானிலாவது அடிக்கடி கேட்டுக் கொள்கின்றார். ஆனால் நம்மில் பெரும்பாலோர் ஆயுளில் ஒரே ஒரு பெரிய வியாபாரம்தான் செய்கின்றோம். அதுதான் வீட்டை விற்பது. அந்த ஒரு வியாபாரத்துக்குரிய மஸ்அலாவை நாம் கேட்டுத் தெரிந்து கொள்வதுமில்லை. யாரும் நமக்குச் சொல்லித் தருவதுமில்லை.

நெய்வேலியைச் சேர்ந்த ஒரு சகோதரர் அண்மையில் நம்மிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

சகோதரரின் கேள்வி

நெய்வேலி டவுன்ஷிப்பின் நிலை பலருக்கும் தெரிந்ததே. 1956-ம் ஆண்டு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்ற பின்னர், தொழிலாளருக்காக வட்டம் வட்டமாக அமைக்கப்பட்ட நகர் அது. அங்குள்ள குடியிருப்புகள் நிறுவனத்தின் சொத்து. உத்தியோகம் உள்ள வரை குடியிருக்கலாம். ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும். எனவேதான் வடக்குத்து இந்திரா நகர், மந்தாரக்குப்பம் போன்ற சுற்றுப்புறப் பகுதிகளில் மனை வாங்கி, சேமிப்பையெல்லாம் கொட்டி, சொந்த வீடு கட்டிக் கொண்டோர் பலர்.

நம் சகோதரரின் தகப்பனாரும் 1984-ல் அவ்விதம் ஒரு வீடு கட்டினார். காவிச் சிமெண்டுத் தரை, கம்பி வைத்த தாழ்வாரம், கறுப்புச் சுவிட்சுகள், பின்புறம் ஒரு கிணறு. பெற்றோர் இருவரும் மறைந்துவிட்டனர். வாரிசுகள் ஒரு மகனும் இரு மகள்களும். வீட்டை விற்றுப் பங்கிட்டுக் கொள்ள மூவரும் இசைந்துள்ளனர். இளைய சகோதரி கணவரை இழந்தவர். அவருடைய பங்கு கைக்கு வந்தால்தான் கடன் அடையும்.

வீட்டின் நிலையோ இது: அடுப்படியின் மேல் ஒட்டில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழுகின்றது. 2011 டிசம்பர் 30-ம் நாள் வீசிய தானே புயலில் பக்கத்து மரம் விழுந்து மாடித் தளத்தின் தட்டோடுகள் உடைந்தன. அன்று முதல் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் ஓர் அறையில் நீர் இறங்குகின்றது. சுவரின் அடிப்பாகத்தில் ஓதம். சகோதரர் அழைத்து வந்த மேஸ்திரியோ, “ஆறு லட்சம் செலவழியுங்கள். தரைக்கு டைல்ஸ் ஒட்டி, அடுப்படிக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு, சுவருக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பத்து லட்சம் கூடுதலாகப் போகும்” என்று சொல்லியிருக்கின்றார்.

“இது கூடுமா? கூடாதென்றால், எவ்வளவு வரை பழுது பார்க்கலாம்?” என்பதே சகோதரரின் கேள்வி.

ஈரத் தானியம் தரும் பாடம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றார்கள். குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் தட்டுப்பட்டது. “இது என்ன?” என்று வினவினார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்பவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் பதிவான ஹதீஸ் இது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். மழை பெய்தது அந்த மனிதரின் குற்றமன்று. தானியம் நனைந்ததற்காக நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் கடிந்து கொள்ளவில்லை. ஈரமான தானியத்தை விற்கக் கூடாது என்றும் தடுக்கவில்லை. காய்ந்ததை மேலே போட்டு ஈரத்தைக் கீழே மறைத்ததையே கண்டித்தார்கள்.

நெய்வேலி வீட்டின் ஒட்டில் துரு ஏறியது யாருடைய குற்றமும் அன்று; நாற்பது ஆண்டுகளில் அப்படி ஆகக் கூடியதே. பழுதுள்ள வீட்டை விற்பதும் பாவமன்று. ஆனால் அந்தத் துருவுக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் போடுவது, ஈரத் தானியத்தின் மேல் காய்ந்த தானியத்தைப் பரப்புவதேயாகும்.

பால் கறக்கும் ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்கும் முன்னர், சில நாள் கறக்காமல் மடியைக் கட்டிப் பெரிதாக்கிக் காட்டும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் இதையும் தடுத்தார்கள். அவ்விதம் ஏமாந்து வாங்கியவர் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு என்றும் அறிவித்தார்கள். இங்கே விற்பவர் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மடிதான் பொய் சொன்னது. சுவரும் அவ்வாறு பொய் சொல்லக் கூடும்.

தெரிந்தவரும் சொல்ல வேண்டும்

வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் செய்தி ஒன்றுண்டு. ஒருவர் ஓர் ஒட்டகத்தை வாங்கிச் செல்லும்போது, இவர்கள் பின்னாலேயே போய், அதன் குளம்பில் ஒரு துளை இருப்பதை எடுத்துச் சொன்னார்கள். விற்றவர், “என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே!” என்றார். அதற்கு அவர்கள், குறையை விளக்காமல் விற்பதும் ஆகாது, அதை அறிந்தவர் சொல்லாமலிருப்பதும் ஆகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக எடுத்துரைத்தார்கள்.

ஆகவே கடமை விற்பவரோடு நின்று விடுவதில்லை. தரகர், மேஸ்திரி, பழுதை அறிந்த அண்டை வீட்டார் ஆகியோர் மீதும் அது உண்டு. வாங்குபவர் எந்தச் சமயத்தவராயினும் இச்சட்டத்தில் மாற்றமில்லை என்பதையும் நினைவில் கொள்க. நம் சகோதரரின் வீட்டைப் பார்த்துப் போனவர், கைக்குழந்தையுடைய ஓர் இளம் இந்துத் தொழிலாளி. வங்கியில் கடன் வாங்கி வரப் போகின்றவர். அந்தக் காரை பெயர்ந்து விழுவது அவருடைய குழந்தையின் தலைமீதாக இருந்தால், பத்து லட்சம் எதற்குப் பயன்படும்?

“உள்ளது உள்ளபடி” என்று எழுதிவிட்டால்?

“எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல, உள்ளது உள்ளபடி விற்கின்றேன் என்று எழுதிக் கொண்டால் போதாதா?” எனச் சிலர் கேட்பர். ஹனஃபி மத்ஹபில் இத்தகைய நிபந்தனை செல்லும். ஷாஃபிஈ மத்ஹபிலோ, பிராணிகளில் விற்பவரும் அறியாத உள்குறைக்கு மட்டுமே அது செல்லும், வீட்டுக்குச் செல்லாது. இரண்டில் எதைப் பின்பற்றினாலும், தெரிந்த குறையை வேண்டுமென்றே மறைத்த பாவம் அந்த ஒரு வரியால் நீங்கிவிடாது.

நாட்டின் சட்டமும் இங்கே மார்க்கத்தோடு ஒத்துப் போகின்றது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ம் பிரிவின்படி, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டறிய முடியாத முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்தியாக வேண்டும். சொத்தில் உள்ள குறையும், அதன் உரிமையில் உள்ள குறையும் இதில் அடங்கும். சுரங்கம் விரியும் பகுதிகளில் நிலம் எடுப்பு அறிவிப்பு ஏதும் கைக்கு வந்திருந்தால், அதை மறைப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

எவ்வளவு வரை பழுது பார்க்கலாம்?

வீட்டைச் சீர் செய்து விற்பது ஆகுமானதே; சுத்தமாகக் காட்டுவதும் குற்றமன்று. ஒவ்வொரு செலவுக்கும் முன்னர் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக் கொள்ள வேண்டும்: “இந்தச் செலவு குறையை நீக்குகின்றதா, மறைக்கின்றதா?” நீக்கினால் செய்யலாம். மறைத்தால் செய்யக் கூடாது. இரண்டுமின்றி வெறும் அழகுக்காயின், இலாப நட்டத்தைப் பார்த்துக் கொள்ளலாம். அதன்படி வரிசையாகச் சொல்வோம்.

முதலாவது, பத்திரங்கள். பட்டா இன்னும் தகப்பனார் பெயரிலேயே இருக்கின்றது. வாரிசுச் சான்று, பட்டா மாற்றம், வில்லங்கச் சான்று, வரி ரசீதுகள் ஆகியவற்றை ஒழுங்கு செய்வதே முதற் பழுது பார்த்தல். கொத்தனார் கூலியை விட இதற்கு ஆகும் செலவு குறைவு. வங்கிக் கடனில் வாங்குகின்றவருக்கு இதுவே டைல்ஸை விடப் பெரிய அலங்காரம்.

இரண்டாவது, உயிருக்கு ஆபத்தானவை. ஒட்டின் கம்பி துருப்பிடித்தால் அது பருத்து, சுற்றியுள்ள காங்கிரீட்டைப் பிளக்கும். மேலே பூசி மூடினாலும் உள்ளே துரு நின்று விடாது. எனவே பெயர்ந்த காரையைத் தட்டி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து முறையாகக் கட்ட வேண்டும். கம்பி தேய்ந்து போயிருந்தால் பொறியாளரிடம் காட்ட வேண்டும். அல்லது தொடாமல் அப்படியே விட்டு, காட்டி, விலையில் குறைத்துக் கொள்ள வேண்டும். இரண்டும் நேர்மையே. பழைய வயரிங்கும் இவ்வாறே.

மூன்றாவது, நீர் இறங்கும் தளம். மாடியில் உடைந்த தட்டோடுகளை மாற்றி, இணைப்புகளை அடைத்து, நீர் வடியும் வாட்டத்தைச் சரி செய்தல் நியாயமான செலவு. மேலே அடைக்காமல் கீழே பெயிண்ட் அடித்தால் அடுத்த கார்த்திகையே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். சுவரின் அடி ஓதமும் அப்படித்தான். தரையிலிருந்து ஈரம் ஏறிக் கொண்டிருக்கும் வரை எந்தப் பட்டியும் நிலைக்காது. தீர்க்க முடியாவிட்டால் சொல்லிவிடுக.

நான்காவது, சுத்தம். குப்பை கூளங்களை அகற்றுதல், கிணற்றுக்கு மூடி போடுதல், உதிரும் சுவருக்கு ஓதத்தைக் காட்டிய பின்னர் வெள்ளையடித்தல். இவை போதும்.

ஐந்தாவது, விட்டுவிட வேண்டியவை. டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், புது அடுப்படி அலமாரிகள். பழைய வீட்டின் விலையில் பெரும்பங்கு மனைக்குத்தான். வாங்குகின்றவர் தம் விருப்பப்படி இடித்துக் கட்டவே எண்ணுவார். நாம் ஒட்டிய டைல்ஸை அவர் பெயர்த்தெறிந்தால், நம் பணமும் வீண், அவர் கூலியும் வீண். வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் எனக் குர்ஆன் கண்டிப்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். உறுதியான காவித் தரை குறையன்று. அது பழையது, அவ்வளவே. பழமைக்கும் பழுதுக்கும் வேறுபாடு உண்டு.

சகோதரிகளின் ஹக்கு

இன்னொன்றையும் நம் சகோதரர் மறந்துவிடலாகாது. அவ்வீடு அவருடையது மட்டுமன்று. நான்கு பங்கில் இரண்டு அவருக்கு, சகோதரிகளுக்கு ஆளுக்கொன்று. சகோதரிகளைக் கேளாமல் ஆறு லட்சம் செலவழித்துவிட்டு, விற்ற பணத்தில் முதலில் அதைக் கழித்துக் கொள்வது சரியன்று. கூட்டுச் சொத்தில் அனுமதியின்றிச் செய்த அலங்காரச் செலவை மற்றப் பங்காளிகள் தலையில் சுமத்த இயலாது. எந்தப் பழுதுக்கு எவ்வளவு என்று எழுதி, மூவரும் இசைந்த பின்னரே கொத்தனாரை அழைக்க வேண்டும். கடனுக்காகக் காத்திருக்கும் தங்கைக்கு, ஆறு மாத வேலை முடிந்து வரும் பெரிய விலையைக் காட்டிலும், இன்று கைக்கு வரும் நேர்மையான விலை உதவியாக இருக்கலாம். அதை அவரிடமே கேட்க வேண்டும்.

பரக்கத் எங்கே இருக்கின்றது?

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளை விளக்கிவிட்டால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும்; மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்பட்டுவிடும் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள நபிமொழியின் கருத்து. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூட்டாளி, ஒரு துணியின் குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டபோது, வாங்கியவர் யாரென்று தெரியாததால், அவ்வியாபாரத்தில் வந்த பணம் முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள். மறதிக்கே அப்படி என்றால், திட்டமிட்டு மறைப்பதை என்னென்பது?

இவற்றையெல்லாம் சகோதரரிடம் எடுத்துச் சொன்னோம். சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், “தளத்தை மட்டும் அடைக்கிறேன். அடுப்படியை அந்தத் தம்பிக்கு நானே காட்டிவிடுகிறேன். விலை குறைந்தால் குறையட்டும், வாப்பா கட்டிய வீட்டில் எவரும் அடிபட வேண்டாம்” என்றார். இதற்கு மேல் நாம் சொல்ல ஒன்றுமிருக்கவில்லை.

விற்பனைக்கு வீட்டைக் காட்டுவதற்கு நல்ல நாள் எதுவென்று கேட்டால், மழை பெய்த மறுநாள் என்போம். அன்று எதையும் மறைக்க முடியாது. மறைக்க வேண்டியதும் இராது.

வல்ல நாயன் நம் கொடுக்கல் வாங்கலை ஹலாலானதாகவும், நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்வதைப் பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.