விடுமுறையில் பிள்ளைகளுக்கு ரப்பர்க் கொட்டை விளையாட்டு

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் தோட்டத்து இல்லங்களில் ஒரே முறையீடுதான்: "அம்மா, பொழுது போகவில்லை!" விடியுமுன் பால்வெட்டுக்குச் சென்று களைத்துத் திரும்பும் தாய்க்கு இது எரிச்சலூட்டுவது இயல்பே. "வெளியே போய் விளையாடு" என்று விரட்டிவிடுகிறோம். விரட்டப்பட்ட பிள்ளை ஆற்றுக்குச் செல்லுமா, அசிட் வைத்திருக்கும் கொட்டகைக்குச் செல்லுமா என்று அந்நேரத்தில் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் கண்பார்வையிலேயே பிள்ளை விரும்பி அமர ஏதேனும் வேண்டும். அதற்குக் கடைப் பொம்மை தேவையில்லை. காய் வெடிக்கும் பருவத்தில் பொறுக்கி வைத்த ரப்பர்க் கொட்டைகள் போதும்.

ஆனால், முதலில் ஓர் எச்சரிக்கை. பச்சை ரப்பர்க் கொட்டையின் பருப்பில் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் உள்ளது. தின்று பார்க்கும் ஆசை எந்தப் பிள்ளைக்கும் வரலாம். தின்றுவிட்டதாகத் தெரிந்தால், வாந்தியோ மயக்கமோ வரட்டும் என்று காத்திராமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். எதையும் வாயிலிடும் சிறு குழந்தைகளின் அருகில் கொட்டையை வைக்கவே கூடாது. மற்றவர்களுக்கும் எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்க வேண்டும்.

எண்ணிக் கொடுப்பதற்கு ஏற்ற ஆட்டம் பல்லாங்குழி. முற்றத்து மண்ணில் ஏழேழாக இரு வரிசைக் குழிகள், குழிக்கு 5 கொட்டை, மொத்தம் 70. ஒரு குழியில் உள்ளதை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட வேண்டும். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அது வெறுங்குழியானால் அதற்கடுத்த குழியில் இருப்பது ஆடியவருக்குச் சொந்தம். ஆட்டம் எதிராளிக்குப் போகும். தம் பக்கக் குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு', எடுத்துக்கொள்ளலாம். மற்ற நுணுக்கங்களை வீட்டுப் பாட்டியிடம் கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார். மலாய் நண்பர்கள் வந்தால் சொங்காக் ஆடலாம். அதில் குழிக்கு 7 வீதம் 98 கொட்டை. இரு முனைகளிலும் ஆளுக்கொரு 'வீடு'. வாய்ப்பாடு வராத பையனும் இவ்வாட்டத்தில் கணக்குத் தவறமாட்டான்!

வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொன்று. கொட்டையின் ஓட்டில் உள்ள புள்ளிகளையும் கோடுகளையும் உற்று நோக்கச் செய்யுங்கள். ஓடு தாய்மரத்திலிருந்து உருவாவதால், ஒரு மரத்துக் கொட்டைகள் அனைத்திலும் ஒரே கோலம் இருக்கும். ஒரே இனத்து ஒட்டுமரங்களுக்கும் அவ்வாறே. ஆராய்ச்சியாளர்கள் மரத்தின் இனத்தை அறியக் கொட்டையையும் பார்ப்பதுண்டு. பல மரங்களின் கொட்டைகளைக் கலந்து வைத்து, இனம் பிரிக்கச் சொல்லலாம். இதில் நாம் தோற்றுப்போவதும் உண்டு. பிள்ளையின் கண் கூர்மையானது.

ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் குத்தி உடைப்பதையும், சிமெந்தில் தேய்த்துச் சூடாக்குவதையும் நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. உடைந்த பருப்பைக் கூட்டிப் புதைத்துவிட்டு, கைகழுவச் செய்தால் போதும்.

முதல் கால் மணி நேரம் நாமும் உடன் அமர்ந்து ஆட வேண்டும். பிறகு அவர்களே பார்த்துக்கொள்வர். நாம் உலை வைக்கப் போகலாம். மாலையில் கொட்டைகளை எண்ணி, டின்னிலிட்டு மூடி, உயரத்தில் வைத்துவிடுவோம். 69 தான் இருக்கிறதென்றால், விளக்கைப் பிடித்தாவது அந்த ஒன்றைத் தேடி எடுத்த பிறகே படுக்கை.